லெஸ்வோஸ் தீவில் வசந்தகாலப் பறவை நோக்கல்: தேதி குறிப்பது முதல் திரும்புவது வரை

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவு ஏஜியன் கடலின் வடகிழக்கில், துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகள் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் வேலைகளின் வரிசையில்தான் தவறுகிறார்கள்: விமானச் சீட்டை வாங்கிய பிறகே எந்தப் பறவை எப்போது வருகிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள், தங்குமிடத்தைக் கடற்காட்சிக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள், தீவை அடைந்ததும் காற்றைக் கவனிக்காமல், ஊரிலேயே எழுதிக்கொண்டுவந்த அட்டவணைப்படி ஓடுகிறார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது.

1. முதலில் பறவை, பிறகு தேதி

வசந்தம் முழுவதும் ஒரே மாதிரியான பறவைகள் இருப்பதில்லை. மார்ச் இறுதியில் கிரெட்ஷ்மார் பண்டிங்கும் (பண்டிங் என்பது சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை) ரூப்பெல் கதிர்க்குருவியும் வரத் தொடங்குகின்றன. சினேரியஸ் பண்டிங் ஏப்ரல் நடுப்பகுதியில் தன் பாறைச் சரிவுகளில் பாட ஆரம்பிக்கிறது. கருந்தலைப் பண்டிங் ஏப்ரல் கடைசியில்தான் பரவலாகத் தென்படும். ஒலிவ மரக் கதிர்க்குருவியும் செவ்வால் புதர்ச்சிட்டும் மே மாதத் தொடக்கத்துக்கு முன் கிடைப்பது அரிது. வெண்சிறகு ஆலாக்களும் செங்கால் வல்லூறுகளும் ஏப்ரல் இறுதி, மே முதல் வாரம் என்ற குறுகிய இடைவெளியில் கடந்துபோகின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. மரத்தண்டில் ஊர்ந்து இரைதேடும் சிறு பறவையான குரூப்பர் பசையெடுப்பான் ஏப்ரலில் கூட்டருகே துறுதுறுவென்று இருக்கும். குஞ்சுகள் பறந்துவிட்ட மே நடுப்பகுதிக்குப் பிறகு காட்டில் அமைதியாகிவிடுவதால் கண்டுபிடிப்பது கடினம். எனவே ஒரே வாரம்தான் விடுப்பு என்றால், ஏப்ரல் கடைசி வாரத்தையும் மே முதல் நாட்களையும் தொட்டுக்கொண்டு செல்லுமாறே நான் சொல்வேன். தாமதமாக வரும் இரண்டொரு இனங்கள் அப்போதும் தவறலாம், ஆனால் உள்ளூர்ப் பறவைகளும் கடந்துசெல்பவையும் ஒருசேரக் கிடைக்கும் நாட்கள் அவைதான். இரண்டு வாரம் கிடைப்பவர்கள் ஏப்ரல் 20-ஐ ஒட்டித் தொடங்கலாம்.

தேதியை உறுதிசெய்யுமுன் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் எப்போது என்று பாருங்கள். மேற்கத்திய நாடுகளின் ஈஸ்டர் தேதியை இதற்கு நம்பக்கூடாது. 2027-இல் அது மே 2 அன்று, அதாவது பறவைக்காலத்தின் உச்சத்திலேயே வருகிறது. அந்த வாரத்தில் ஏதென்ஸ் வாசிகள் தத்தம் தீவுகளுக்குத் திரும்புவதால் கப்பலிலும் விமானத்திலும் இடம் முன்கூட்டியே தீர்ந்துவிடும். கடைகளும் சில நாட்கள் மூடியிருக்கும்.

2. விசாவும் உரிமமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஏப்ரல் பயணத்துக்கு மார்ச்சில் விண்ணப்பிக்கலாம் என்று இருப்பது ஆபத்து, ஏனென்றால் கோடை விடுமுறைக்கான கூட்டம் அப்போதே நேர்காணல் தேதிகளை நிரப்பத் தொடங்கிவிடுகிறது. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

இந்திய ஓட்டுநர் உரிமம் உடையவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கார் இல்லாமல் இந்தத் தீவில் பறவை பார்ப்பது ஏறக்குறைய இயலாது என்பதால், இதை விசாவுக்கு இணையான ஆவணமாகவே கருத வேண்டும்.

3. பயணச்சீட்டு

தீவின் பெயர் லெஸ்வோஸ் என்றாலும் தலைநகரின் பெயர் மிட்டிலீனி. விமானங்களும் கப்பல்களும் பெரும்பாலும் இந்தப் பெயரிலேயே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தீவின் பெயரை மட்டும் தேடிவிட்டுச் சேவையே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஓர் இரவு ஆகும், ஆனால் விடியலில் மேல்தளத்தில் நின்றால் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் அலையை உரசிப் பறப்பதைக் காணலாம்.

4. தங்குமிடம்: ஸ்காலா கலோனி

லெஸ்வோஸ் சிறு தீவு என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் பலர். அதன் பரப்பு 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். கிரேக்கத் தீவுகளில் மூன்றாவது பெரியது. நடுவில் கலோனி வளைகுடா உள்ளே ஆழமாக நுழைந்திருப்பதால் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊருக்குச் சுற்றித்தான் போக வேண்டும். மிட்டிலீனியிலோ வடக்கே மோலிவோஸிலோ அறை எடுப்பவர்கள் ஒவ்வொரு விடியலிலும் மலைச் சாலையில் நேரத்தை இழக்கிறார்கள்.

வளைகுடாவின் வடகரையில் உள்ள ஸ்காலா கலோனி என்ற மீனவ ஊரில் தங்குங்கள். உப்பளம், த்சிக்னியாஸ் ஆற்று முகத்துவாரம், மெடோகி ஏரி, பொட்டாமியா பள்ளத்தாக்கு ஆகிய நான்கும் அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கின்றன. வடக்கு, மேற்கு, தென்கிழக்கு மூன்று திசைச் சாலைகளும் அருகில் பிரிகின்றன. பகலில் கழுத்து வலிக்க ஓட்டிவிட்டுத் திரும்பிய பிறகும், இரவு உணவுக்கு முன் அரை மணி நேரம் ஏதாவது ஒரு நீர்நிலையில் நிற்க முடிவது இங்கே தங்குவதால்தான். இரண்டு வாரம் இருப்பவர்கள் மட்டும் கடைசி மூன்று நான்கு இரவுகளை மேற்குக் கோடியில் உள்ள சிக்ரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உணவு பற்றி ஒரு வார்த்தை. சைவர்கள் அஞ்ச வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் எண்ணெயில் வதக்கிய காய்கறியும் பயறு வகைகளும் எல்லா உணவகங்களிலும் இருக்கும். மற்றவர்களுக்குக் கலோனி வளைகுடாவின் மத்தி மீன் பெயர்பெற்றது.

5. கார் எடுக்கும்போது

சிறிய கார் போதும், ஆனால் தரையிலிருந்து சற்று உயரமாக இருக்கட்டும். பறவைத் தடங்களில் பெரும்பாலானவை மண்சாலைகள். இடையிடையே தரைப்பாலங்களும் உண்டு. வாடகைக் காப்பீட்டில் டயரும் வண்டியின் அடிப்பகுதியும் பல நேரங்களில் சேர்வதில்லை, ஆகையால் கையெழுத்திடுமுன் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். மழைக்கு மறுநாள் தரைப்பாலத்தில் நீர் ஓடினால், இறங்கி ஆழம் பார்க்காமல் ஓட்டக்கூடாது; தண்ணீர் கலங்கியிருந்து தரை தெரியவில்லை என்றால் திரும்பிவிடுவதே சரி.

மேற்கே பெட்ரோல் நிலையங்கள் குறைவு. கலோனியிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

6. கருவிகள்

எட்டு மடங்கு உருப்பெருக்கும் 8x42 அளவுள்ள இருநோக்கி இந்தத் தீவுக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் காற்று அடிக்கும் மலைமுகட்டில் பத்து மடங்கு உருப்பெருக்கம் கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். உப்பளத்துக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி) இல்லாமல் போகாதீர்கள். தொலைவில் நிற்கும் உள்ளான்கள் இருநோக்கியில் வெறும் புள்ளிகளாகவே இருக்கும். மெல்லிய முக்காலியைத் தவிர்க்கவும். எடையைக் குறைப்பதற்காக அதை வாங்கியவர்கள் காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே காலை முழுவதையும் செலவிடுகிறார்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு துணிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக் கார் சன்னலில் வைத்தால் லென்ஸ் அசையாது. விடியற்காலை குளிரும் காற்றும் கடுமையாக இருப்பதால் காற்றுத்தடுப்பு மேலாடை அவசியம். நண்பகலில் வெயில் உறைக்கும்.

லெஸ்வோஸ் எல்லைத் தீவு என்பதால் ராணுவ இடங்கள் ஆங்காங்கே உள்ளன. கேமராவின் மேல் கோடிட்ட பலகையைக் கண்டால் படம் எடுக்காததோடு, ஸ்கோப்பையும் அந்தத் திசையில் திருப்பாதீர்கள். பறவைதான் பார்த்தேன் என்ற விளக்கம் அங்கே எளிதில் எடுபடாது.

7. முதல் நாள் அருகிலேயே இருங்கள்

வந்த மறுநாளே தீவின் மறுகோடிக்கு ஓடுவது புதியவர்களின் வழக்கம். அதைவிட முதல் நாள் முழுவதையும் ஸ்காலா கலோனியைச் சுற்றியே செலவிடுவது பலன் தரும். கண்ணும் காதும் உள்ளூரின் பொதுவான பறவைகளுக்குப் பழக வேண்டும். அது நடக்காதவரை ஒவ்வொரு கொண்டை வானம்பாடிக்கும் கார் நிறுத்தி நேரத்தை வீணாக்குவீர்கள். மஞ்சள் வாலாட்டிகளிலும் இதே குழப்பம் வரும்: இங்கே கூடு கட்டுவது கருந்தலையுள்ள வகை, சாம்பல் தலையும் நீலத் தலையும் கொண்டவை கடந்துபோகும் வேறு வகைகள்.

விடியலில் மெடோகி ஏரியில் தொடங்குங்கள். நாணல் ஓரத்தில் அசையாமல் நின்றால் சிறு காணான்கோழி வெளியே வந்து சேற்றில் நடக்கும். நடந்துகொண்டே தேடுபவர்களுக்கு அது வாலைக்கூடக் காட்டாது. அங்கிருந்து பொட்டாமியா பள்ளத்தாக்கில் முகமூடிக் கீச்சானையும் ஒலிவத் தோப்புகளின் கதிர்க்குருவிகளையும் பார்க்கலாம். வெயில் ஏறியதும் கருநாரையும் பெரும்பருந்துகளும் அதே பள்ளத்தாக்கின் மேலே வட்டமிடும். பிற்பகல் த்சிக்னியாஸ் ஆற்றங்கரையில் மெதுவாக ஓட்டிச் சென்றால் குருகுகளும் பஞ்சுருட்டான்களும் கிடைக்கும். இருட்டிய பின் ஊரிலேயே ஸ்காப்ஸ் ஆந்தையின் ஒற்றைச் சுரக் குரல் சீரான இடைவெளியில் ஒலிக்கும்; பகலில் அது யூகலிப்டஸ் மரங்களில் தண்டோடு தண்டாக ஒட்டி உறங்குகிறது.

பல ஆண்டுகளாக இங்கு வந்துபோகும் பிரித்தானியப் பறவை ஆர்வலர்கள் இடங்களுக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஓரிடத்துக்கு டெர்பிஷைர் என்றே பெயர்! சாலைப் பலகையில் அப்படி ஓர் ஊர் இருக்காது. ஆகவே பயணக்குறிப்புகளில் படிக்கும் இடப்பெயர் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஒவ்வொரு நாளையும் காற்று தீர்மானிக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் கடலைக் கடக்கின்றன. வானம் தெளிவாக இருந்து தென்காற்று முதுகில் தள்ளினால் அவை தீவில் இறங்கத் தேவையே இல்லாமல் மேலேயே போய்விடும். அழகான அந்தக் காலைகளில் புதர்கள் வெறிச்சோடிக் கிடக்கும். எதிரே வடகாற்று வீசினாலோ இரவில் மழை பெய்தாலோ, களைத்த பறவைகள் முதலில் தென்படும் நிலத்தில் இறங்கிவிடுகின்றன. அப்போது ஓர் அத்தி மரத்தில் ஈப்பிடிப்பான்கள், மாங்குயில்கள், கதிர்க்குருவிகள் எல்லாம் ஒன்றாக இருப்பதைக் காணலாம். அறையில் படுத்துக்கொண்டு மழையை நொந்துகொள்பவர்கள் தவறவிடுவது இந்தக் காலையைத்தான்.

ஆகவே இரவு படுக்கப் போகுமுன் மறுநாளின் காற்றுத் திசையையும் மழை வாய்ப்பையும் பார்த்துவிட்டு, அதன்படி இடத்தை மாற்றுங்கள்:

இரவில் மழை அல்லது பலத்த வடகாற்று: விடியலுக்குள் மேற்கே சிக்ரியில் இருக்க வேண்டும். வெயில் வந்ததும் பறவைகள் இரை தேடிக் கலைந்துவிடும்.

காற்றில்லாத காலை: அக்லாதேரி பைன் காடும் ரூப்பெல் கதிர்க்குருவியின் புதர்ச்சரிவும் (இரண்டும் படி 10-இல் வருகின்றன). இரண்டிலும் காதால் கேட்டே பறவையை இடம் காண வேண்டியிருப்பதால் காற்று பெரும் தடை.

நாள் முழுவதும் காற்று: சிறு பறவைகள் ஒதுங்கும் பள்ளத்தாக்குகளும் ஆற்றோரங்களும். மலைமுகடுகளை விட்டுவிடுங்கள்.

தெளிந்த வெயில்: காலை பத்து மணிக்கு மேல் மேற்கே உள்ள இப்சிலூ மடத்து மலை போன்ற உயரமான இடங்களில் வேட்டைப் பறவைகள், மாலையில் உப்பளம்.

அட்டவணையே வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கையில் இருக்கட்டும், நாட்களை மட்டும் அவற்றுக்கு எழுதிவைக்காதீர்கள்.

9. உப்பளத்தில் நிற்கும் முறை

கலோனி உப்பளத்தில் பூநாரைகள், நெடுங்கால் உள்ளான்கள், அவோசெட்டுகள், ஆலாக்கள், பலவகை உள்ளான்கள் என எப்போதும் ஏதாவது இருக்கும். வேலிக்குள் நுழையக்கூடாது, சுற்றியுள்ள தடங்களிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்க முடியும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, காலையில் கிழக்குப் பக்கத்திலிருந்தும் மாலையில் மேற்குப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளான்களும் ஒரே கறுப்பு. நண்பகலில் கானல் எழுந்து ஸ்கோப்பில் உருவங்கள் நெளியத் தொடங்கும். அந்த நேரத்தில் சிறு உள்ளான்களை இனம் பிரிக்க முயல்வது வீண் வேலை.

பறவைகள் அருகில் இருக்கும்போது காரை விட்டு இறங்காதீர்கள். காரைக் கண்டு அஞ்சாத பறவைகள் மனித உருவத்தைக் கண்டதும் மொத்தமாக எழும்பிவிடும். உங்களுக்குப் பின்னால் நிற்கும் காரில் இருப்பவர்களுக்கும் அன்றைய காட்சி அதோடு முடிந்துவிடும்.

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேரும். நம் கடற்கரையில் குளிர்காலத்தில் சாம்பல் நிறத்தில் பார்த்துப் பழகிய கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் மே மாதக் கலோனியில் செங்கல் சிவப்பில் நிற்கும். சாம்பல் உப்புக்கொத்திகளின் வயிறு கறுத்திருக்கும். புறப்படுமுன் இனப்பெருக்கக் கால இறகுகளின் படங்களை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருவது, புதிய இனங்களைப் படிப்பதைவிடப் பயனுள்ள தயாரிப்பு.

10. குறிப்பிட்ட இடத்தில் தேட வேண்டிய மூன்று பறவைகள்

குரூப்பர் பசையெடுப்பான் கிரேக்க நாட்டில் லெஸ்வோஸில் மட்டுமே வாழ்கிறது. வளைகுடாவின் தென்கிழக்கில் உள்ள அக்லாதேரியின் பைன் காட்டில் காலையில் தேடுங்கள். பட்டுப்போன பைன் மரக் கட்டைகளில் துளையிட்டுக் கூடு கட்டுவதால், மேலே மட்டும் பார்க்காமல் பழைய அடிமரங்களையும் கவனியுங்கள். கூடு தெரிந்துவிட்டால் நன்றாக விலகி நில்லுங்கள். பெற்றோர்ப் பறவை அலகில் இரையோடு கிளைக்குக் கிளை தாவி உள்ளே போகாமல் தயங்கினால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

ரூப்பெல் கதிர்க்குருவிக்கு வடக்கே, பெட்ராவுக்கும் மோலிவோஸுக்கும் இடையிலான கவாகி கடற்சரிவு. கருந்தொண்டையும் வெண்மீசையும் உடைய ஆண் பறவை புதர் உச்சியில் ஏறிப் பாடிவிட்டு உடனே மறைந்துவிடும். ஒரே இடத்தில் பொறுத்திருந்தால் மறுபடியும் அதே உச்சிக்கு வரும். சாலை வளைவில் காரை நிறுத்தாமல், சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

சினேரியஸ் பண்டிங் மேற்கின் பாறைச் சரிவுகளில், குறிப்பாக இப்சிலூ மடத்தைச் சுற்றி இருக்கிறது. அதே பாறைகளில் மண் பூசிக் கூடு கட்டும் பாறைப் பசையெடுப்பானும் உண்டு.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கத்தை இந்த மூன்று இடங்களிலும் அறவே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏராளமானோர் இதே சில இணைகளைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு முறை ஒலிக்கவிட்டால்கூட, அந்தப் பறவை குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் இல்லாத எதிரியை விரட்டுவதில் கழிந்துவிடும்.

11. மேற்குக்கு ஒரு முழு நாள்

ஸ்காலா கலோனியிலிருந்து சிக்ரிக்கு மலைச்சாலையில் வெகுதூரம் போக வேண்டும். நிறுத்தாமல் போவதுதான் இங்கே முக்கியம். விடியலில் சிக்ரியையும் அதன் வடக்கே ஃபனெரோமெனி தோப்புகளையும் முடித்துவிட்டு, மெலாடியா ஆற்றோரம் பார்த்து, வெயில் ஏறியபின் திரும்பும் வழியில் இப்சிலூவில் ஏறுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு பாறைக்கும் நின்றுகொண்டே போகிறவர்கள் சிக்ரியை அடையும்போது இரவில் இறங்கிய பறவைகள் கலைந்திருக்கும். பாறைப் பறவைகளோ பிற்பகலிலும் அங்கேயே இருப்பவை.

தோப்புகள் தனியாருடையவை. வேலியைத் தாண்டாதீர்கள், ஆட்டுப்பட்டிகளின் படலை எந்த நிலையில் கண்டீர்களோ அதே நிலையில் விட்டுச் செல்லுங்கள். தனியாக வரும் ஒரு மேய்ப்பர் கையசைத்தால் வணக்கம் சொல்லி, இருநோக்கியைக் காட்டினாலே போதும். மேற்கில் பலருக்கும் ஏப்ரல் மாத விருந்தினர்கள் எதற்காக வருகிறார்கள் என்று தெரியும்.

12. பதிவும் திரும்பும் பயணமும்

அன்றன்றைய பட்டியலை அன்று மாலையே ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் இடம் வாரியாக ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எந்தக் கீச்சானை எந்தத் தோப்பில் பார்த்தோம் என்பது குழம்பிப்போகும். அரிய பறவை கூடு கட்டும் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் எழுத வேண்டாம்.

பலத்த காற்றுள்ள நாட்களில் தீவுக் கப்பல்கள் துறைமுகத்திலேயே நிறுத்தப்படுவதுண்டு, விமானங்களும் தாமதமாகலாம். ஆகவே லெஸ்வோஸிலிருந்து கிளம்பும் நாளன்றே ஏதென்ஸிலிருந்து ஊருக்கு விமானம் பிடிக்குமாறு சீட்டு எடுக்காமல், இடையில் ஓர் இரவு விடுங்கள். அன்றைக்கு எல்லாம் நேரத்துக்கு நடந்துவிட்டால், ஏதென்ஸில் கிடைக்கும் காலையை நகரத்து ஈரநிலங்களைத் தேடி அலையாமல் உறங்குவதற்கே வைத்துக்கொள்ளலாம்.